தோட்டம் போனது, கோவிலும் போனது: பேராக்கில் திருச்சபை இப்போது எங்கே இருக்கிறது?

ஈப்போ, சிலிபின் லூர்து மாதா கோவிலுக்கு வரும் பெரியவர்களிடம் "உங்க ஊர் எது?" என்று கேட்டுப் பாருங்கள். பலர் ஒரு தோட்டத்தின் பெயரைச் சொல்வார்கள். அந்த இடம் இன்று செம்பனைக் காடாக இருக்கும், இல்லையென்றால் தாமானாகியிருக்கும்.

சர்ச் என்றால் உங்களுக்கு ஒரு கட்டடம்தான் நினைவுக்கு வரும், இல்லையா? தோட்டத்து மக்களுக்கு அது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. மாரியம்மன் கோவிலானாலும் சின்ன ஜெபக்கூடமானாலும் அது நின்ற நிலம் கம்பெனியுடையது. சாமியார் எப்போதாவதுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் பால் வெட்டுகிறவர்களில் ஒருவரே ஜெபமாலையை முன்நின்று சொல்வார்.

பாகான் செராய் கதை வேறு. 1880களில் பிரெஞ்சுக் குரு ரெனே ஃபே அங்கே தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களைக் குடியேற்றினார். தோட்டம் கைமாறினால் வெளியேற வேண்டும் என்ற பயம் அங்கே இல்லை. அந்தப் பங்கு இன்றும் இருக்கிறது.

1950களின் இறுதியில் பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்பது தொடங்கியது. மக்கள் பட்டணத்துக்கு வந்தார்கள், ஜெபக்கூடங்கள் வரவில்லை.

1976இல் என்ன நடந்தது?

அப்போது வெளிநாட்டுக் குருக்களுக்கு விசா கெடுபிடி, உள்ளூர்க் குருக்களோ குறைவு. அந்த ஆகஸ்டில் தீபகற்ப மலேசியாவின் ஆயர்களும் குருக்களும் பங்குகளைப் பொதுமக்கள் கையில் விட்டுவிட்டு, ஒரு மாதம் ஒன்றாகக் கூடி யோசித்தார்கள். அக்கம்பக்கத்து வீடுகளில் கூடும் சிறு குழுக்களே திருச்சபையின் அடித்தளம் என்ற முடிவு அதிலிருந்து வந்தது. இதைத் தமிழில் அன்பியம் என்பார்கள். தோட்டத்தில் பாட்டிகள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததுதானே இது என்று தோன்றினால், நீங்கள் நினைப்பது சரிதான்.

அப்படியென்றால் திருச்சபையின் பணி மதம் பரப்புவதா? அதற்குச் சட்டத்தில் ஒரு எல்லை உண்டு. முஸ்லிம்களிடையே பிற மதங்களைப் பரப்புவதை மாநிலங்கள் கட்டுப்படுத்தலாம் என்கிறது அரசமைப்பின் 11(4) பிரிவு. இந்த நிலையில் பள்ளி, நோயாளிகளைப் பார்ப்பது, தோட்டத்தை விட்டு வந்தவர்களுக்குத் துணை நிற்பது ஆகியவையே வெளியில் தெரியும் பணிகள். இதெல்லாம் வெறும் சமூக சேவை, நற்செய்தி எங்கே என்று கேட்பவர்களும் சபைக்குள்ளேயே இருக்கிறார்கள். அந்த வாதம் இன்னும் முடியவில்லை.

மொழியும் ஒரு சிக்கல். தமிழ்த் திருப்பலி இருந்தும் ஆங்கிலத் திருப்பலிக்குப் போகும் இளையோர் உண்டு. ஒருவேளை நீங்களே அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

பாட்டியின் தோட்டம் இன்று வரைபடத்தில் இல்லாமல் போயிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு பங்கும் ஞானஸ்நானப் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்பது கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம். பாட்டி ஞானஸ்நானம் பெற்றவர் என்றால், முதலில் அந்தத் தோட்டம் எந்தப் பங்கைச் சேர்ந்திருந்தது என்று கேளுங்கள்.