இறங்குதுறையும் அரசியல் யாப்பும்



ஐக்கிய அமெரிக்காவின் அரசியல் யாப்பிலே 1791ஆம் ஆண்டு சேர்க்கப்பெற்ற முதற் பத்துத் திருத்தங்களைக் குடிமக்களின் உரிமைச் சாசனம் என்று வகுப்பறைகளிற் கற்பிக்கின்றோம். பேச்சுரிமை, வழிபாட்டுரிமை, நட்டஈடின்றிச் சொத்தைப் பறிகொடாதிருக்கும் உரிமை யாவும் அதில் உள. ஆயின் அச்சாசனம் எந்த அரசாங்கத்தைக் கட்டுப்படுத்திற்று என்று மாணவர் கேட்பதில்லை. பல காலம் நானும் கேட்டதில்லை.

மேரிலாந்து மாநிலத்துப் பால்ட்டிமோர் துறைமுகத்திலே ஜோன் பாரன் என்பவருக்கு இறங்குதுறையொன்றிற் பங்கிருந்தது. நீர் ஆழமானது, பெருங்கப்பல்கள் வந்தணையும். நகர ஆட்சியினர் தெருக்களை அமைத்தபோது சிற்றோடைகளைத் திசைதிருப்பினர். மழைதோறும் அவை மண்ணையும் மணலையும் வாரிவந்து துறையருகே சேர்த்தன. ஆழங் குன்றிற்று, கப்பல்கள் வாராதொழிந்தன. அவருடைய நிலத்தை ஒருவரும் பிடுங்கவில்லை. அதன் பயன் மட்டும் போயிற்று. கீழ் நீதிமன்றம் 4,500 டொலர் நட்டஈடு அளித்தது. மாநில மேன்முறையீட்டு மன்றம் அதனைத் தள்ளிற்று.

1833இல் வழக்கு ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றத்தை அடைந்தது. நகரத்தின் சார்பிலே தோன்றிய வழக்கறிஞர் வாதிக்க வேண்டிய தேவையே இல்லையென மன்றம் நிறுத்திவிட்டது. சாசனம் சமஷ்டி அரசாங்கத்துக்கு இட்ட வேலி, மாநிலங்களுக்கு அன்று என்பது பிரதம நீதியரசர் ஜோன் மார்ஷலின் தீர்ப்பு. தம் மாநில அரசைக் கட்டுப்படுத்த விரும்புவோர் தம் மாநில யாப்பிலேயே வழி தேடல் வேண்டுமென்றார்.

சட்டப்படி இத்தீர்ப்புப் பிழையன்று என்றே கருதுகிறேன். மனச்சாட்சி, பத்திரிகை, யூரி விசாரணை ஆகிய உரிமைகளை மாநிலங்களும் மீறலாகாதென 1789இல் ஜேம்ஸ் மடிசன் ஒரு திருத்தம் முன்மொழிந்தார். பிரதிநிதிகள் சபை ஏற்றது. செனற் சபை மறுத்தது. எட்டத்து அரசனுக்கு அஞ்சி வேலியிட்டவர்கள் பக்கத்து மணியகாரனை வேலிக்குள்ளேயே விட்டுவிட்டனர்.

அதன் விளைவு துறையோடு நிற்கவில்லை. உள்நாட்டுப் போர் முடிந்த 1865இலே, விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் நடமாட்டத்தையும் தொழிலையும் ஒடுக்கும் சட்டங்களைத் தென் மாநிலங்கள் இயற்றத் தொடங்கின. ஜோன் பிங்கம் முதலியோர் முயன்று, 1868இல் பதினான்காம் திருத்தம் நிறைவேறிற்று. சட்டமுறை வழுவி எவருடைய உயிரையோ சுதந்திரத்தையோ சொத்தையோ எந்த மாநிலமும் பறித்தலாகாது என்றது அது. எனினும், 1873இல் நீதியரசர் ஐவர், நால்வரின் மறுப்பையும் மீறி, அத்திருத்தத்தின் ஒரு பகுதியை வெறும் எழுத்தாகச் சுருக்கினர்.

பாரன் கேட்ட உரிமையை மன்றம் ஏற்க 1897 வரை செல்லவேண்டியிருந்தது. சிக்காகோ நகரம் தெருவொன்றைப் புகையிரதப் பாதைக்குக் குறுக்கே நீட்டியபோது, எடுத்த சொத்துக்கு மாநிலங்களும் நட்டஈடு கொடுத்தேயாகவேண்டுமென மன்றம் கூறிற்று. ஆனால் புகையிரதக் கம்பனிக்கு யூரிமார் விதித்திருந்த தொகை ஒரு டொலர். அதுவே போதுமென்றும் மன்றம் முடிவு செய்தது! 1925இல் பேச்சுரிமையும் மாநிலங்களைக் கட்டுப்படுத்துமென ஏற்றபோதும், வழக்காடிய கிற்லோவின் தண்டனை நீங்கவில்லை.

1963இன் கதை வேறு. புளோரிடா மாநிலத்திலே வழக்கறிஞரின்றித் தண்டிக்கப்பட்ட கிடியன் என்ற ஏழை, சிறையிலிருந்து பென்சிலால் எழுதிய மனுவை மன்றம் ஏற்றது. மீண்டும் விசாரணை நடந்தது. இம்முறை அருகே வழக்கறிஞர் ஒருவர் இருந்தார்; கிடியன் விடுதலையானார்.