தோட்டப் பாடசாலைகள் (இலங்கை மலையகம்)

இலங்கையின் மத்திய மலைநாட்டில், நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, புசல்லாவை ஆகிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென்று தோட்ட நிருவாகங்கள் நடத்திவந்த தொடக்கப் பள்ளிகளே தோட்டப் பாடசாலைகள் எனப்பட்டன. அரசின் உதவிப்பணத்தைப் பெற்றபோதிலும் இவை தனியார் பள்ளிகளாகவே இருந்தன. கட்டடமும் நிலமும் தோட்டத்துக்கே உரியவை. ஆசிரியரை அமர்த்துவதும் நீக்குவதும் தோட்டத்துரையின், அதாவது நிருவாகியின், கையில் இருந்தன. பிள்ளைகளின் உழைப்பால் பயன்பெற்றவரே அவர்களின் கல்விக்கும் பொறுப்பாளராக இருந்தார் என்பதை மனத்திற் கொண்டாலன்றி இப்பள்ளிகளின் வரலாற்றை விளங்கிக்கொள்ள இயலாது.

கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளருட் பெரும்பாலோர் அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். எனவே மலையில் நிலையான பிள்ளைக் கூட்டம் இருக்கவில்லை. 1854-இல் அங்கிலிக்கத் திருச்சபையினர் தோட்டத் தமிழரிடையே பணியாற்றத் தொடங்கிய ‘தமிழ்க் கூலி மிஷன்’ சில தோட்டங்களில் பள்ளிகளை நடத்தியது. வேறு சில இடங்களில் கங்காணிகளின், அதாவது தொழிலாளரைத் திரட்டி மேற்பார்வை செய்தவர்களின், ஆதரவில், எழுத்தறிந்த ஒருவர் கோயில் மடத்திலோ லயம் எனப்படும் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பின் வாசலிலோ பிள்ளைகளைக் கூட்டிவைத்து அரிச்சுவடி கற்பித்தார். 1869-இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்து, அதனிடத்தில் தேயிலை பரவியபோது நிலைமை மாறியது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க ஆள் வேண்டியிருந்தமையால் குடும்பங்கள் லயங்களில் நிலைகொண்டன. அங்கேயே பிறந்து வளரும் ஒரு தலைமுறையும் உருவாயிற்று.

இத்தலைமுறையின் கல்வியை அரசு முதன்முதலாகச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது 1907-ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டத்தினாலாகும். 6 முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிப்பதும், தகுதியுள்ள ஆசிரியரை அமர்த்துவதும், பள்ளி அறையொன்றை ஒதுக்கிப் பேணுவதும் தோட்ட நிருவாகியின் கடமைகள் என அது விதித்தது. 1920-ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் அவ்வயதுப் பிள்ளைகளைக் காலை 10 மணிக்கு முன் வேலைக்கு அமர்த்துவதைத் தடைசெய்தது. பத்து மணிக்குப் பின் அவர்கள் மலைக்கு வேலைக்குச் செல்லலாம் என்பதே இவ்விதியின் மறுபக்கம். கல்வி வயது பத்தோடு முடியுமாறு வகுக்கப்பட்டமையும் தற்செயலன்று. செக்ரோல் எனப்படும் வேலைப் பதிவேட்டில் பிள்ளைகளின் பெயர் ஏறுவதற்கு அந்த வயதே போதுமானதெனக் கருதப்பட்டது. மலாயாவிலும் 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள தோட்டம் பள்ளி நடத்த வேண்டுமென விதித்தது. இரப்பர்த் தோட்டங்களில் எழுந்த தமிழ்ப் பள்ளிகளும் முதலாளியின் நிழலிலேயே வளர்ந்தன.

பெரும்பாலான தோட்டப் பாடசாலைகளில் ஒரே அறையும் ஒரே ஆசிரியருமே இருந்தனர். தகரக் கூரை வேய்ந்த அவ்வறையில் எல்லா வகுப்புப் பிள்ளைகளும் ஒன்றாக அமர, ஆசிரியர் ஒரு வகுப்புக்குக் கணக்குக் கொடுத்துவிட்டு மற்றொரு வகுப்புக்கு வாசிப்புச் சொல்லிக்கொடுத்தார். அவருக்குப் பயிற்சி இருப்பது அரிது. தோட்டத்தின் எழுத்து வேலைகளும் பல இடங்களில் அவர் தலையிலேயே விழுந்தன. துரையின் தயவில் வாழவேண்டியிருந்த அவர், பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆட்பிரிக்கும் கூட்டத்துக்கு, அனுப்பப்பட்ட பிள்ளையை ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்கும் நிலையில் இருக்கவில்லை. இத்தனைக்கிடையிலும் எழுத்துக் கூட்டி வாசிக்கும் ஆற்றலை லயங்களுக்குள் கொண்டுசென்ற பெருமை இவ்வாசிரியர்களுக்கே உரியது. 1920-களிலிருந்து தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் தொழிலாளருக்காக வெளியிட்ட துண்டறிக்கைகளும் பாட்டுப் புத்தகங்களும் பரவுவதற்கு, வாசிக்கத் தெரிந்த சிலரேனும் தோட்டந்தோறும் இருந்தமை துணைசெய்தது.

இவ்வமைப்பின் சுமை பெண்பிள்ளைகள் மீதே மிகுதியாக விழுந்தது. கொழுந்தெடுப்பது பெண்களின் வேலை. தாய் விடியலில் மலைக்குச் சென்றபின் தம்பி தங்கையரைப் பார்ப்பதும், தண்ணீர் எடுப்பதும், விறகு சேர்ப்பதும் மூத்த மகளின் பொறுப்பாயின. கைக்குழந்தைகளைப் பார்க்கப் பிள்ளைமடுவங்கள் இருந்தபோதிலும், அவை நல்ல நிலையில் இல்லாத இடங்களில் அக்காமாரே மடுவமாயினர். கொழுந்துக் கூடையை முதுகில் ஏற்கும் வயதை எட்டியதும் மகளின் நாட்சம்பளம் வீட்டுக்குத் தேவைப்பட்டது. பருவமடைந்தபின் பள்ளிக்கு அனுப்புவதற்குத் தயக்கமும் சேர்ந்துகொண்டது. மகளைப் படிக்கவைக்காத பெற்றோரைக் குறைகூறுவோர், அவர்களின் கூலி எவ்வளவு என்பதையும் அதை நிர்ணயித்தவர் எவர் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்க நகரத்துக்கே செல்ல வேண்டியிருந்தது. ஹட்டனில் மெதடிஸ்த மிஷனின் ஹைலன்ஸ் கல்லூரியும், ஹட்டனிலும் நுவரெலியாவிலும் கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய பெண் பள்ளிகளும் இருந்தன. எனினும் கங்காணி, கணக்கப்பிள்ளை, கடைக்காரர் ஆகியோரின் பிள்ளைகளே அவற்றை எளிதில் எட்டினர். மடகொம்பரைத் தோட்டத்திற் பிறந்து கவிஞராகவும் பாராளுமன்ற உறுப்பினராகவும் உயர்ந்த சி.வி. வேலுப்பிள்ளை ஹட்டனில் கற்றவர். பின்னாளில் இர. சிவலிங்கம் ஹைலன்ஸில் ஆசிரியராகவும் அதிபராகவும் இருந்து மலையகத்தின் படித்த தலைமுறையொன்றை உருவாக்கினார்.

1945-இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. தோட்டங்கள் கட்டடமும் ஆசிரியர் விடுதியும் அமைத்துக்கொடுக்க, அரசு பள்ளிகளை ஏற்று நடத்துவதென 1947-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வகைசெய்தபோதிலும், அவ்வாறு ஏற்கப்பட்டவை மிகச் சிலவே. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின் விளைவாக மலையகத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர்; தொடர்ந்து வாக்குரிமையையும் இழந்தனர். 1960, 1961-ஆம் ஆண்டுகளில் நாடெங்கும் உதவி பெறும் பள்ளிகளை அரசு பொறுப்பேற்றபோது தோட்டப் பாடசாலைகள் வெளியே விடப்பட்டன. நிருவாகச் சிக்கல்கள் காரணமாகக் காட்டப்படலாம். ஆனால் வாக்கில்லாத மக்களின் பள்ளிகளுக்காகப் பாராளுமன்றத்தில் வாதாட எவருக்கும் அரசியல் தேவை இருக்கவில்லை என்பதே வலுவான காரணமாகும்.

1972, 1975 நிலச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977 முதல் தோட்டப் பாடசாலைகளைக் கல்வி அமைச்சு படிப்படியாகப் பொறுப்பேற்றது. 1980-களின் நடுப்பகுதியிலிருந்து சுவீடன் அரசின் உதவியால் பல பள்ளிகளுக்குப் புதிய கட்டடங்கள் கிடைத்தன. தோட்ட இளைஞரும் இளம்பெண்களும் ஆசிரியராக நியமிக்கப்பட்டனர். ஜெர்மன் உதவியுடன் கொட்டகலைக்கு அருகே பத்தனையில் நிறுவப்பட்ட ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி அவர்களுக்குப் பயிற்சி அளித்தது. கொழுந்தெடுத்த தாயின் மகள், தாய்க்கு மறுக்கப்பட்ட வகுப்பறைக்கே ஆசிரியையாகத் திரும்பியதை இவ்வரலாற்றின் மிகப் பெரிய மாற்றமாகக் கொள்ளலாம்.

5 முதல் 14 வயது வரை கட்டாயக் கல்வி என்ற விதி 1998-இல் நடைமுறைக்கு வந்ததும், 1907-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த பத்து வயது வரம்பு முற்றாக மறைந்தது. இன்று தமிழ் வித்தியாலயங்கள் என வழங்கும் முன்னாள் தோட்டப் பாடசாலைகளுட் பல இன்னும் ஆரம்பப் பள்ளிகளாகவே உள்ளன. ஆறாம் தரத்துக்கு மலைப்பாதையில் நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருப்பதும், உயர்தரத்தில் விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்கும் தமிழ்ப் பள்ளிகள் அரிதாக இருப்பதும் நுவரெலியா மாவட்ட மாணவியரை இன்றும் தடுத்து நிறுத்துகின்றன.