மீன் தொட்டியும் உறை மோரும்

2015ல் மரீன் டிரைவ் தாராபோர்வாலா மீன் காட்சியகத்தைப் புதுப்பித்துத் திறந்தார்கள். 1951ல் ஆரம்பித்த பழைய இடம். பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். செம்பூர் திரும்பியதுமே நச்சரிப்பு தொடங்கிவிட்டது: "அப்பா, நம்ம வீட்லயும் ஒரு தொட்டி!"

அடுத்த ஞாயிறே தொட்டி, செடிகள், நாலு தங்கமீன். வியாழக்கிழமைக்குள் நாலும் மிதந்தன. சின்னவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்ததே, அப்புறம் ஏன்? தேடிப் போனபோது கிடைத்த கதை இது.

1850ல் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் தன் தொட்டிச் சோதனையை அங்கிருந்த கெமிக்கல் சொசைட்டியில் விவரித்தார். இரண்டு தங்கமீன், வாலிஸ்நேரியா செடி, நத்தைகள். செடி ஆக்சிஜன் தரும், மீன் விடும் கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும், அழுகிய இலையை நத்தை தின்னும். சரியான ஏற்பாடுதான். ஆனால் மீன் வெளியேற்றும் அம்மோனியா என்ன ஆகிறது?

பதில் வந்தது சாக்கடையிலிருந்து! 1877ல் பிரான்சில் ஷ்லேசிங், மியூன்ட்ஸ் என்ற இருவர் மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குழாய் வழியே கழிவுநீரைச் சொட்டவிட்டார்கள். 20 நாள் ஒன்றும் நடக்கவில்லை. அதன்பின் அம்மோனியா குறைந்து நைட்ரேட் வரத் தொடங்கியது. குளோரோபாம் ஆவி விட்டதும் நின்றுபோனது. கொஞ்சம் மண் கரைத்த நீரை ஊற்றியதும் மறுபடி ஆரம்பித்தது. அப்படியானால் வேலை செய்வது உயிருள்ள ஏதோ ஒன்று!

1890ல் வினோகிராட்ஸ்கி அந்தப் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்தார். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், இன்னொன்று நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட் அளவோடு இருந்தால் பாதகமில்லை, செடிக்கு உரமும் கூட.

நம் தொட்டிக் கதையும் அதேதான். புதுத் தொட்டியில் அந்தக் கூட்டம் இல்லை. பாலைக் காய்ச்சி வைத்தால் மட்டும் தயிராகுமா, உறை ஊற்ற வேண்டாமா? நன்றாக ஓடும் தொட்டியின் பழைய ஃபில்டர் ஸ்பாஞ்ச்தான் உறை மோர். குழாய்த் தண்ணீரின் குளோரினை முறிக்காமல் விட்டால், அது அந்தக் குளோரோபாம் வேலையைச் செய்துவிடும். ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள்.

இரண்டாம் முறை நண்பர் வீட்டு ஸ்பாஞ்ச் வாங்கி, செடி நட்டு, மீன் இல்லாமல் ஒரு சிட்டிகை மீன் உணவை மட்டும் போட்டு வந்தோம். சோதனைக் குப்பியில் நிறம் பார்ப்பது சின்னவள் வேலை. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் ஏறி இறங்கிப் பூஜ்யமாக ஐந்து வாரம் ஆனது. அதற்கப்புறம் இரண்டே இரண்டு மீன் வாங்கினோம். "இதுங்க சாகாதுல்லப்பா?" என்றாள். இந்த முறை பதில் சொல்ல முடிந்தது.