ஜாகுவார் ஈ-டைப் காரின் டயர்கள்

ஜாகுவார் ஈ-டைப் இங்கிலாந்தின் கொவென்ட்ரி நகரில் 1961 முதல் 1974 வரை தயாரிக்கப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார். இன்றும் உலகின் பல நாடுகளில் இக்கார்களை மீட்டெடுத்து ஓட்டி வருகிறார்கள். எஞ்சினையும் உடற்பகுதியையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்த பிறகு பலருக்கும் எழும் கேள்வி, இதற்கு எந்த டயரைப் போடுவது என்பது. கார் வடிவமைக்கப்பட்ட காலத்துக்குப் பின் டயரின் அமைப்பு, அளவு, பெயரிடும் முறை ஆகிய மூன்றுமே மாறிவிட்டதால் இக்கேள்விக்கு விடை காண டயரின் வரலாற்றை அறிய வேண்டியுள்ளது.

முதல் டயர்கள்

1961 மார்ச் மாதம் ஜெனீவா கார் கண்காட்சியில் ஈ-டைப் அறிமுகமானது. அதில் 72 கம்பிகள் கொண்ட, 15 அங்குல விட்டமுள்ள கம்பிச் சக்கரங்கள் இருந்தன. அவற்றில் 6.40-15 அளவுள்ள டன்லப் ஆர்.எஸ்.5 டயர்கள் பொருத்தப்பட்டன. இவை கிராஸ்பிளை வகையைச் சேர்ந்தவை. அதாவது, டயரின் உள்ளே நூலிழை அடுக்குகள் ஒன்றையொன்று சாய்வாகக் குறுக்கிட்டுச் செல்லும்.

அவ்வாண்டு பிரிட்டிஷ் கார் இதழொன்று நடத்திய சோதனையில் ஈ-டைப் மணிக்கு 150 மைல், அதாவது சுமார் 241 கி.மீ. வேகத்தை எட்டியது. இந்த எண்ணே காரின் புகழுக்கு அடித்தளமானது. ஆனால் அந்தச் சோதனையில் பயன்பட்டவை டன்லப் ஆர்.5 என்னும் பந்தய டயர்கள். வாடிக்கையாளர் வாங்கிய காரில் இருந்தவை அவையல்ல. காரின் வேக எல்லையை எஞ்சினோடு டயரும் சேர்ந்தே தீர்மானித்தது என்பதற்கு இது நல்ல சான்று.

ரேடியல் டயரின் வருகை

பிரான்சின் மிஷலின் நிறுவனம் 1946-இல் ரேடியல் டயருக்குக் காப்புரிமை பெற்று, 1949-இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதில் இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகச் செல்லும். அவற்றின் மேல், சாலையைத் தொடும் பகுதிக்கு அடியில், இரும்புக் கம்பிப் பட்டை இருக்கும். இத்தாலியின் பிரெல்லி நிறுவனம் 1950-களில் சின்தூராட்டோ என்ற பெயரில் துணியிழைப் பட்டை கொண்ட ரேடியலை வெளியிட்டது.

பக்கச்சுவர் வளைந்து கொடுத்தாலும் சாலையைத் தொடும் பகுதி தட்டையாகவே இருப்பதால் ரேடியலின் பிடிப்பு அதிகம், தேய்மானம் குறைவு. ஈ-டைப்பும் 1960-களின் நடுவில் 185-15 அளவுள்ள டன்லப் எஸ்.பி.41 ரேடியலுக்கு மாறியது. 1971-இல் வந்த 12 சிலிண்டர் கொண்ட மூன்றாம் வரிசைக் கார்களுக்கு ஈ70வி.ஆர்.15 என்ற அகலமான டயர் தரப்பட்டது.

இரு வகைகளும் வளைவுகளில் வேறுவிதமாக நடந்துகொள்கின்றன. கிராஸ்பிளை சிறிது சிறிதாக வழுக்கத் தொடங்கி ஓட்டுநரை எச்சரிக்கும். ரேடியல் நெடுநேரம் பிடித்து நின்று, எல்லையைத் தாண்டியதும் சட்டென்று விடும். ஆகவே ஒரே அச்சில் இரண்டையும் கலக்கக் கூடாது. முன்புறம் ரேடியலும் பின்புறம் கிராஸ்பிளையும் போட்டால் வளைவில் பின்சக்கரங்கள் முதலில் பிடிப்பை இழந்து கார் சுழன்றுவிடும். பிரிட்டனில் இந்தச் சேர்க்கை சட்டப்படி தடை செய்யப்பட்டுள்ளது.

அளவில் உள்ள சிக்கல்

இன்றைய டயரில் 185/65 ஆர்15 என்பது போல எழுதப்பட்டிருக்கும். 185 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பது. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். பழைய ரேடியல்களில் நடு எண் இருக்காது. அப்போது பக்கச்சுவர் ஏறத்தாழ 80 விழுக்காடு என்று கொள்ள வேண்டும்.

இரண்டிலும் 185, 15 என்ற எண்கள் இருப்பதால் அளவு ஒன்றே என்று எண்ணுவது எளிது. கணக்கிட்டால் 80 விழுக்காட்டு டயரின் மொத்த விட்டம் சுமார் 677 மி.மீ.; 65 விழுக்காட்டு டயருடையது சுமார் 621 மி.மீ. சிறிய டயரைப் போட்டால் காரின் அடிப்பகுதி ஏறத்தாழ 28 மி.மீ. தாழும். வேகமானி உண்மையைவிட 9 விழுக்காடு கூடுதலாகக் காட்டும். ஒரே வேகத்துக்கு எஞ்சின் அதிகமாகச் சுழல வேண்டியிருக்கும்.

வேகக் குறியீட்டையும் பார்க்க வேண்டும். இன்றைய முறையில் எஸ் என்பது 180, எச் என்பது 210, வி என்பது 240 கி.மீ. வரை தாங்கும் டயரைக் குறிக்கும்.

பொருத்தும் முறை

கம்பிச் சக்கரத்தில் ஒவ்வொரு கம்பியும் ரிம்மைத் துளைத்துச் செல்வதால் அதன் வழியே காற்று கசியும். எனவே டியூப் தேவை. பொருத்தும் முன் கம்பி முனைகள் ரிம்மின் உட்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று பார்த்து, இருந்தால் அராவிச் சமப்படுத்துவார்கள். அவற்றை மூட ரப்பர் பட்டை போடுவார்கள். டயரின் உட்புறம் ஒட்டியிருக்கும் காகிதச் சீட்டுகளை அகற்ற வேண்டும். அவை உராய்ந்தே டியூப்பைக் கிழித்துவிடும். டியூப்பும் டயரின் அளவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

சக்கரத்தை அச்சில் இறுக்கும் நடு நட்டுகளின் மரை இடப்பக்கம் ஒரு திசையிலும் வலப்பக்கம் எதிர்த்திசையிலும் அமைந்திருக்கும். கார் ஓடும்போது அவை தாமாகத் தளராமல் இருக்கவே இந்த ஏற்பாடு. பக்கம் மாற்றிப் போட்டால் சக்கரமே கழன்றுவிடக்கூடும்.

டயரின் வயது

பழைய கார்கள் ஆண்டுக்குச் சில நூறு கிலோமீட்டர் மட்டுமே ஓடுவதால் டயரின் வரிகள் தேய்வதில்லை. ஆனால் ரப்பர் காற்றாலும் வெயிலாலும் இறுகி, உள்ளே அடுக்குகள் பிரியத் தொடங்கும். வெளியே புதிதாகத் தெரியும் டயர் வேகத்தில் வெடிப்பது இதனால்தான். 2000-க்குப் பின் தயாரான டயரின் பக்கச்சுவரில் டி.ஓ.டி. குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் அதன் பிறந்த தேதியைச் சொல்லும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். மூன்று இலக்கங்களே இருந்தால் அது 2000-க்கு முந்தையது, ஓட்டுவதற்கு உகந்ததல்ல. பத்து ஆண்டுகள் கடந்த டயரை, வரிகள் எப்படி இருந்தாலும், மாற்றிவிடுவது நல்லது.

இத்தேவைக்காகப் பிரெல்லி, மிஷலின் போன்ற நிறுவனங்கள் பழைய அளவுகளையும் வரிகளின் வடிவங்களையும் இன்றைய ரப்பர் கலவையில் சிறிய எண்ணிக்கையில் மீண்டும் தயாரிக்கின்றன. விலை கூடுதல் என்றாலும் காரின் தோற்றமும் ஓட்டமும் மாறாமல், பாதுகாப்பும் கிடைக்கிறது. பழைய காரில் எத்தனையோ பாகங்களை அசலாகவே காக்கலாம். டயரில் காக்க வேண்டியது அதன் அளவையும் அமைப்பையும்தான். ரப்பர் புதிதாகவே இருக்க வேண்டும்.