பாலையில் ஒரு மாநாடு, கழிமுகத்தில் ஒரு கூட்டம்

2022 நவம்பரில் எகிப்தின் ஷர்ம் அல் ஷேக்கில் ஐ.நா.வின் 27ஆவது காலநிலை மாநாடு கூடியது. 2024 டிசம்பர் 20 அன்று வடசென்னை எர்ணாவூரில், எண்ணூர் அனல்மின் நிலையத்தின் 660 மெகாவாட் விரிவாக்கத்துக்கான பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கூடியது. முன்னதற்கு முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்திருந்தார்கள். பின்னதற்குப் பக்கத்துக் குப்பங்களிலிருந்து நடந்தே வந்துவிடலாம். ஒன்று, சினாய்ப் பாலையும் செங்கடலும் சந்திக்கும் சொகுசு விடுதி நகரம். மற்றது, அனல்மின் நிலையங்களும் எண்ணெய்க் குழாய்களும் கண்டெய்னர் லாரிகளும் சூழ்ந்த கரை. இவ்விரண்டையும் எதிரெதிரே நிறுத்துவது பொருந்தாத வேலையாகத் தோன்றலாம். ஆனால் இரண்டுக்கும் எலும்புக்கூடு ஒன்றுதான்: ஓர் அறிவியல் அறிக்கை, அதனால் வாழ்வு மாறப்போகும் மக்கள், அவர்களுக்கு முன் ஒரு மைக்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். எதிர்பாராத உறவு அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஷர்ம் அல் ஷேக் ஒரு காலத்தில் சிறிய மீனவர் குடியிருப்பு. பிறகு சுற்றுலா விடுதிகளின் நகரமானது. எண்ணூரின் பயணம் இதற்கு நேர் எதிர்த்திசையில் போயிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் மதராஸ் வெள்ளைக்காரர்கள் காற்று வாங்கப் போன ஓய்விடம் அது. ஏரிக்கரையில் பங்களாக்கள் இருந்தன. நகரத்திலிருந்து எண்ணூர் வரை 1806இல் வெட்டி முடிக்கப்பட்ட காக்ரேன் கால்வாய்தான் பின்னாளில் பக்கிங்காம் கால்வாயாக நீண்டது. அதே கால்வாயின் வழியாகத்தான் 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு, மணலியின் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் கழிமுகத்துக்கு இறங்கியது. மீனவர் ஊர் ஒன்று சொகுசு விடுதியாயிற்று. சொகுசு விடுதி ஒன்று சாம்பல் மேடாயிற்று.

தண்ணீரிலும் ஓர் ஒற்றுமை. ஷர்ம் அல் ஷேக் பெரிதும் கடல்நீரைக் குடிநீராக்கித்தான் தாகம் தீர்க்கிறது. எண்ணூருக்கு வடக்கே உள்ள காட்டுப்பள்ளியிலும் 2010 முதல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன் கொண்ட ஆலை சென்னைக்காக அதையே செய்கிறது. மழையே காணாத ஊரும், மழை வந்தால் மிதக்கும் ஊரும் ஒரே வகைக் குழாயை நம்பியிருக்கின்றன. நம் பழைய திணை மரபு பாலைக்கென்று தனி நிலம் ஒதுக்கவில்லை. வேறு நிலம் தன் இயல்பு கெடும்போது பாலை ஆகிறது என்றது. செப்பாக்கம் கிராமத்தைச் சூழ்ந்து கிடக்கும் வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளத்தைக் கோடையில் பார்த்தவர்களுக்கு, நெய்தலும் அப்படித் திரியக்கூடும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி ஏற்பாடுகள். உலக மாநாட்டில் நாடுகளின் குழுக்களும், முன்கூட்டி அனுமதி பெற்ற பார்வையாளர் அமைப்புகளும், பத்திரிகையாளரும் மட்டுமே பேச்சுவார்த்தை வளாகத்துக்குள் போக முடியும். கழுத்தில் தொங்கும் அட்டைதான் ஒருவர் எந்த அறைக்குள் போகலாம் என்பதைத் தீர்மானிக்கும். எண்ணூர்க் கூட்டத்துக்கு அட்டை கிடையாது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பாக ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் விளம்பரம் வர வேண்டும் என்கிறது. அறிக்கையின் பிரதி ஆட்சியர் அலுவலகத்திலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் பார்வைக்கு இருக்க வேண்டும். குறைந்தபட்சம் இத்தனை பேர் வர வேண்டும் என்ற கோரம் இல்லை. காலநிலை மாநாட்டுக்கும் இதை ஒத்த ஒரு விசித்திரம் உண்டு: வாக்கெடுப்பு எப்படி நடத்துவது என்ற அதன் 42ஆவது விதி இன்றுவரை ஏற்கப்படவே இல்லை. ஒன்று கோரம் இல்லாத சபை. மற்றது வாக்கு இல்லாத சபை.

ஒத்திவைப்பிலும் இவை உடன்பிறப்புகள். கிளாஸ்கோவில் 2020இல் நடந்திருக்க வேண்டிய காலநிலை மாநாடு கொரோனாவால் ஓராண்டு தள்ளிப்போனது. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்துக்காக 2021 ஜனவரி 22க்குக் குறிக்கப்பட்ட கருத்துக் கேட்பும் கொரோனாவைக் காரணம் காட்டித் தள்ளிவைக்கப்பட்டது. 2023 செப்டம்பர் 5க்கு மறுபடி நாள் குறித்து, மறுபடியும் தள்ளிவைத்தார்கள். கிளாஸ்கோவுக்கு மாற்றுத் தேதி விரைவிலேயே கிடைத்தது. காட்டுப்பள்ளிக்கு அப்படிக் கிடைக்கவில்லை.

கலந்துகொள்வதற்கு ஆகும் செலவை எடைபோடுவது சற்றுக் கடினம். ஷர்ம் அல் ஷேக்கில் விடுதிக் கட்டணம் தாறுமாறாக ஏறிவிட்டதாக ஏழை நாட்டுப் பிரதிநிதிகளும் இளைஞர் அமைப்புகளும் புகார் சொன்னார்கள். முதல் நாட்களில் வளாகத்துக்குள் சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் நீண்ட வரிசை. புகார் வலுத்த பிறகே நிலைமை சீரானது. எர்ணாவூரில் சாமியானாவும் பிளாஸ்டிக் நாற்காலியும் யாருக்கும் இலவசம். ஆனால் வருகிற மீனவர் அன்று வலை எடுக்கவில்லை. அன்றைய பாடு போயிற்று. காலையில் மீன் எடுத்து விற்கும் பெண்ணுக்கும் அதே கணக்குதான். டாலரில் கட்டிய அறை வாடகையும் பிடிக்காமல் விட்ட மீனும் ஒரே தராசில் ஏறுவதில்லை. இரண்டும் அவரவர் சக்திக்கு மீறியவை என்ற அளவில் மட்டும் ஒப்புமை சொல்லலாம்.

அறிவியல் எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்வியில்தான் இரண்டு கூட்டங்களும் மிகத் தொலைவாக விலகுகின்றன. காலநிலை மாநாட்டின் அறிவியல், ஐ.பி.சி.சி. என்ற குழுவின் அறிக்கைகளில் வருகிறது. அவற்றை எழுதும் அறிவியலாளர்களுக்கு அக்குழு ஊதியம் தருவதில்லை. சுருக்கத்தை மட்டும் அரசுகள் வரிவரியாகப் பார்த்து ஒப்புக்கொள்ளும். அந்த அறிவியலை மாநாட்டில் விவாதிக்கவே ஒரு துணை அமைப்பு உண்டு. ஷர்ம் அல் ஷேக்கில் அதன் 57ஆவது அமர்வு நடந்தது. எண்ணூரின் அறிக்கையைத் தயாரிப்பதோ திட்டம் கொண்டுவருபவரே பணம் கொடுத்து அமர்த்தும் ஆலோசனை நிறுவனம். இதற்காக அந்த அறிக்கைகளெல்லாம் பொய் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தேர்வு எழுதுபவரே விடைத்தாள் திருத்துபவருக்குச் சம்பளம் கொடுக்கிற ஏற்பாட்டை வேறு எந்தத் துறையில் ஏற்போம்?

கால அளவிலும் வேறுபாடு பெரிது. காலநிலை என்று ஒன்றைச் சொல்ல அறிவியலாளர்கள் 30 ஆண்டுச் சராசரியைக் கேட்பார்கள். தாக்க மதிப்பீட்டில் பல திட்டங்களுக்கு, பருவமழையைத் தவிர்த்த ஒரு பருவத்தின் அளவீடு போதும் என்பது நடைமுறை. கழிமுகத்தில் அந்தத் தவிர்ப்புக்கு என்ன பொருள் என்று யோசித்துப் பாருங்கள். கொசஸ்தலையாறு பெருக்கெடுப்பதும், முகத்துவாரம் திறப்பதும், ஆரணியாற்றுப் பக்கத்து வெள்ளம் பழவேற்காட்டிலிருந்து இறங்குவதும் அறிக்கை கண்ணை மூடிக்கொள்ளும் அந்த மாதங்களில்தான். மிக்ஜாம் வந்ததும் டிசம்பரில்தான். முப்பது ஆண்டுக்கும் மூன்று மாதத்துக்கும் நடுவே ஒரு மூன்றாம் பதிவேடு இருக்கிறது. ஆற்றில் எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் இருந்தது, சாம்பல் படிந்த பிறகு எவ்வளவு குறைந்தது, இறால் எந்தப் பக்கம் ஒதுங்கிற்று என்பதைக் காட்டுக்குப்பத்துக்காரரும், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்ணும் வைத்திருக்கிற பதிவேடு அது. கருத்துக் கேட்புக் கூட்டம் அதைக் கேட்கும் வாய்ப்பையாவது தருகிறது. ஷர்ம் அல் ஷேக்கில் பார்வையாளர் அமைப்புகளை ஒன்பது பிரிவாகப் பிரித்திருந்தார்கள்: வணிகம், சுற்றுச்சூழல், தொழிற்சங்கம், பழங்குடியினர், ஆராய்ச்சி நிறுவனங்கள், உள்ளாட்சி, பெண்கள், இளைஞர், உழவர். மீனவருக்கென்று தனிப் பிரிவு அங்கே இல்லை. கடல் மட்டம் உயர்வதைப் பற்றிக் கடற்கரையில் நடந்த மாநாடு அது.

மொழியில் இரண்டும் மறுபடி நெருங்கி வருகின்றன. மாநாட்டின் பொது அமர்வுகளில் அரபு உள்ளிட்ட ஆறு மொழிகளில் உடனுக்குடன் மொழிபெயர்ப்பு உண்டு. ஆனால் வாசகங்களை அடித்துத் திருத்தும் சிறு அறைகளில் ஆங்கிலம் மட்டுமே. இங்கும் சுருக்கம் தமிழில் கட்டாயம். நூற்றுக்கணக்கான பக்க முழு அறிக்கை ஆங்கிலத்தில். நைல் நதிக்காரரும் கொசஸ்தலைக்காரரும் வாசல்வரை தம் மொழியோடு வந்து, உள்ளே போகையில் அதை வெளியே விட்டுச் செல்கிறார்கள்.

பேசும் உரிமைக்கு வருவோம். ஷர்ம் அல் ஷேக்கில் நாடுகள் பேசும். பார்வையாளர்களுக்குச் சில நிமிடங்கள். வளாகத்துக்கு வெளியே எதிர்ப்புக் காட்ட முன்பதிவும், தொலைவில் ஒதுக்கிய தனி இடமும் இருந்தன. எர்ணாவூர் வகைக் கூட்டத்தில் எதிர்ப்புக்குத் தனி இடம் தேவையில்லை. ஆட்சேபம்தான் நிகழ்ச்சி நிரல். வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் திட்டக்காரரிடம் விளக்கம் கேட்கும் வாய்ப்புத் தர வேண்டும் என்பது விதி. உலகத்தின் எந்த அறிவியல் மாநாட்டிலும், கட்டுரை படித்த நிபுணரை மீன் விற்கும் பெண் எழுந்து நின்று குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. இங்கே கேட்கலாம். காவல்துறை வரிசையும், ஆளுக்கொரு பக்கம் கைதட்டும் கூட்டமும், மைக்கைப் பறிக்கும் சண்டையும் இந்த வகைக் கூட்டங்களில் சகஜம் என்றாலும், உரிமை காகிதத்தில் இருக்கிறது.

பதிவிலும் வியப்புக்குரிய விதத்தில் நம் கூட்டமே முந்துகிறது. பேச்சு முழுவதும் வீடியோவில் பதிவாக வேண்டும். கூட்டம் முடியும்போது நடவடிக்கைகளின் சுருக்கத்தை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தார் உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். தலைமை வகிக்கும் ஆட்சியரோ அவர் சார்பில் வந்தவரோ அன்றே கையெழுத்திட வேண்டும். காலநிலை மாநாட்டில் வளாகத்து விளக்குகள் அணையாத பின்னிரவுகளில் எந்த நாடு எந்தச் சொல்லை விட்டுக்கொடுத்தது என்பதற்கு இப்படியொரு பதிவு பொதுமக்களுக்குக் கிடைப்பதில்லை.

இத்தனையும் சொன்ன பிறகு தராசு எண்ணூர்ப் பக்கம் சாயும் என்று வாசகர் நினைத்தால், இன்னொரு தட்டில் ஒரு கனமான கல் மிச்சமிருக்கிறது: முடிவு எங்கே எடுக்கப்படுகிறது? ஷர்ம் அல் ஷேக்கில் அந்த அறையிலேயே. எல்லாரும் ஒப்ப வேண்டும் என்பதால், மிகச் சிறிய தீவு நாடும் கையை உயர்த்தி நிறுத்திவைக்கலாம். வனுவாட்டு 1991இல் முதலில் கேட்டது, கடல் விழுங்கும் நாடுகளுக்கு ஒரு காப்பீட்டு ஏற்பாடு. 31 ஆண்டுகள் கழித்து, பாகிஸ்தான் வெள்ளத்தின் ஈரம் காயாத நிலையில், குறித்த நாள் தாண்டி நவம்பர் 20 விடியற்காலையில் இழப்பு மற்றும் சேத நிதிக்கு ஒப்புதல் கிடைத்தது. எர்ணாவூரில் அந்த மேடையில் யாரும் எதையும் முடிவு செய்வதில்லை. கையெழுத்தான பதிவு டெல்லிக்குப் போகும், நிபுணர் மதிப்பீட்டுக் குழு அதைப் படிக்கும், பரிந்துரை செய்யும், அமைச்சகம் அனுமதி தரும் அல்லது மறுக்கும். வந்தவர்கள் அனைவரும் எதிர்த்தாலும் திட்டம் நிற்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. யாரும் பேசலாம் என்ற சபையிடம் முடிவு இல்லை. முடிவு இருக்கும் சபையில் எல்லாரும் பேச முடியாது.

இழப்பீடு என்ற சொல்லில் இரண்டு கதைகளும் சில நாள் இடைவெளியில் சந்தித்தன. இழப்பு மற்றும் சேத நிதியைச் செயல்படுத்த ஒப்புதல் கிடைத்தது 2023 நவம்பர் 30, துபாய் மாநாட்டின் முதல் நாள். அந்த மாநாடு முடியும் முன்பே எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் மிதந்தது. அந்த நிதிக்கும் இந்த எண்ணெய்க்கும் நேர்த் தொடர்பு எதுவும் இல்லை. ஆலை எண்ணெய்க் கசிவு அந்த நிதியின் வரம்புக்குள் வராது. ஆனால் கணக்கு முறையை ஒப்பிடலாம். பாதிக்கப்பட்ட 2,301 மீனவர் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய், மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய் என்று தமிழ்நாடு அரசு சில வாரங்களிலேயே அறிவித்தது. உலக நிதி 31 ஆண்டு எடுத்துக்கொண்டதை நினைத்தால் இது வேகம். அழிந்த அலையாத்தியையும் போன இறால் பருவத்தையும் நினைத்தால், எந்த அளவுகோலும் இல்லாத வேகம். இரண்டுமே சேதத்தை முடிந்துபோன சம்பவமாகக் கருதுகின்றன. எண்ணூரில் அது முடியவில்லை.

என் தீர்ப்பு இது: எர்ணாவூரின் மைக்கும் பதிவும் ஷர்ம் அல் ஷேக்குக்குப் போக வேண்டும், ஷர்ம் அல் ஷேக்கின் தடுக்கும் அதிகாரம் எர்ணாவூருக்கு வர வேண்டும். அது நடக்கும்வரை, நாளிதழின் உள்பக்கத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அறிவிப்பைக் கண்டால் தாண்டிப் போய்விடாதீர்கள். கூட்டத்துக்கு நேரில் போக முடியாதவர்கள் கருத்தை எழுதி அனுப்பவும் 2006ஆம் ஆண்டு அறிவிக்கை இடம் தருகிறது.