ஆம்ஸ்லர் கட்டம் எதைத் தேடியது? ஷூச்சார்டின் 1993 முடிவு குறித்து ஒரு மறுவாசிப்பு

பார்வைப்புலச் சோதனையின் வரலாறு கண் மருத்துவர் பியரும் 1889-இல் விவரித்த திரையில் தொடங்கி, கோல்ட்மனின் 1945 கிண்ணக் கருவி வழியாகக் கணினிக் கருவிகளுக்கு வருவதாகவே பெரும்பாலும் எழுதப்படுகிறது. சுவிஸ் கண் மருத்துவர் மார்க் ஆம்ஸ்லர் 1947-இல் வெளியிட்ட கட்டத்தாளையும் இந்த வரிசையில் செருகிவிட்டால், அது துல்லியம் குறைந்த ஒரு புலமானியாகத்தான் தெரியும். விழித்திரையின் மையப் பகுதியைத் தாக்கும் வயதுசார் மாக்குலா நோயைப் பொறுத்தவரை இந்த வரிசைப்படுத்தலே பிழை என்பது இக்கட்டுரையின் வாதம்.

பிழைக்கு வலுவூட்டியது ஷூச்சார்டின் 1993 ஆய்வு. லேசர் கதிரால் நோயாளிகளின் விழித்திரையை நேரடியாகப் பார்த்தபடியே அவர் ஒவ்வொரு இடத்தின் உணர்திறனையும் சோதித்தார். அதே நோயாளிகள் கட்டத்தாளில் கண்டதாகச் சொன்னதை அதனோடு ஒப்பிட்டார். பார்வை விடுபட்ட இடங்களான இருள்திட்டுகளில், 6 பாகைக்கு உட்பட்டவற்றில் பெரும்பாலானவற்றை அவர்கள் உணரவே இல்லை. காரணம், விடுபட்ட இடத்தை மூளை அக்கம்பக்கத்துக் கோடுகளைக் கொண்டு நிரப்பிவிடுகிறது. மேலும், மையப் பார்வை இழந்தவர் கட்டத்தாளின் மையப் புள்ளியை விழித்திரையின் வேறோர் இடத்தால் பார்க்கிறார். இந்த அளவீட்டில் குறைகாண எனக்கு ஏதுமில்லை. ஆனால் அவர் கட்டத்தாளுக்கு வைத்த தேர்வு, இருள்திட்டைக் கண்டுபிடிக்கும் தேர்வு. அதில் தோற்றதைக் கொண்டு கட்டத்தாளே பயனற்றது எனப் பின்வந்தோர் முடிவுகட்டியதைத்தான் ஏற்க முடியவில்லை.

ஆம்ஸ்லரின் தொகுப்பில் ஏழு தாள்கள் உண்டு. எல்லோரும் அறிந்தது முதல் தாள்: 10 செ.மீ. சதுரம், 5 மி.மீ. கட்டங்கள், சுமார் 30 செ.மீ. தொலைவில் ஒரு கட்டம் ஒரு பாகை. நான் நிறுத்திப் பார்ப்பது நான்காம், ஐந்தாம் தாள்களை. நான்காம் தாளில் கோடே இல்லை, புள்ளிகள் மட்டுமே. வளைவதற்கு எதுவும் இல்லாததால் அங்கே மறைவை மட்டும் கேட்க முடியும். ஐந்தாவதில் இணைகோடுகள் மட்டும்; தாளைத் திருப்பித் திருப்பி எந்தத் திசையில் வளைகிறது என்று கேட்கலாம். மறைவும் வளைவும் வெவ்வேறு குறிகள் என்று ஆம்ஸ்லரே பிரித்து வைத்திருக்கிறார். ஐந்தாம் தாளின் மூதாதையைத் தேடினால் பியருமிடம் அல்ல, 1862-இல் இந்த வளைவை விவரித்த ஃபோர்ஸ்டரிடம் போய்ச் சேர்வோம்.

முதல் தாளைக் காட்டி நோயாளியிடம் கேட்கும் வினாக்களில் கட்டங்கள் எங்கேனும் மறைகின்றனவா என்பதும் ஒன்று. இது என் வாதத்துக்கு எதிரான சான்றே. ஆயினும் கோடுகள் நேராக உள்ளனவா என்பது அங்கே தனி வினாவாக நிற்கிறது. மாக்குலா நோயின் ஈரவகையில் விழித்திரைக்கு அடியில் புது இரத்தக்குழாய்கள் கசிந்து ஒளியுணர் செல்களை இடம்பெயர்க்கின்றன. அதனால் கோடு வளைகிறது. 2006-இல் ரானிபிசுமாப் ஊசி வந்தபின் சிகிச்சைக்கு நன்கு இணங்குவதும் இந்த வகையே. ஆகவே வளைவைக் கேட்பதுதான் காலத்தே உதவும் கேள்வி.

2003-இல் லோவன்ஸ்டைன் குழு, கட்டத்தாளுக்கு மாற்றாக ஒரு கருவியை முன்வைத்தது. புள்ளிகளாலான கோட்டில் செயற்கையாக ஒரு புடைப்பு காட்டப்படும்; நோயால் தோன்றும் வளைவு அதைவிடப் பெரிதானால் நோயாளியின் விரல் அங்கே போகும். இதை ஐந்தாம் தாளின் வழித்தோன்றல் என்பேன். நேரடிக் கடன்பற்றிய ஆவணம் காட்ட இயலாது. ஆனால் கேட்கும் கேள்வி ஒன்றே. அவ்வழிக் கருவியை வீட்டில் பயன்படுத்தியோர், புதுக்குழாய் கண்டறியப்பட்டபோது இழந்திருந்தது பார்வைச் சோதனைப் பலகையில் இடைநிலையாக 4 எழுத்துகள். வழக்கமான கண்காணிப்பில் 9 என்றது 2014 ஆய்வு. இது கட்டத்தாளின் வெற்றியன்று, வளைவைத் தேடும் நெறியின் வெற்றி.

கருப்பில் வெள்ளைக் கோடாக இருந்த தாள் வெள்ளையில் கருப்பாக வீடுகளுக்குப் போனதற்கும், மற்ற ஆறு தாள்கள் புழக்கம் குன்றியதற்கும் ஒற்றை ஆண்டைச் சுட்ட முடியாது. அது மெல்ல நிகழ்ந்ததாகவே கொள்ள வேண்டும். ஷூச்சார்ட் சோதித்த முறை தோற்றது உண்மை; ஐந்தாம் தாளுக்கு இன்னும் அத்தகைய நேர்மையான சோதனை தேவை.