பிறந்தகமும் புக்ககமும்

பேறுகாலத்தில் வரும் காய்ச்சலையும் வலிப்பையும் நம் பெரியவர்கள் ஜன்னி என்ற ஒரே சொல்லால் குறித்தார்கள். அவற்றுள் வலிப்புக்கு மேல்நாட்டு மருத்துவர் இட்ட பெயர் எக்லாம்ப்சியா. மின்னல்போல் திடீரெனத் தோன்றுவது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் வழி வந்தது அது. ஆயினும் மின்னலுக்கு முன்னே மேகம் திரள்வதுண்டு. 1843-இல் லண்டன் கைஸ் மருத்துவமனையைச் சார்ந்த ஜான் லீவர், வலிப்புக் கண்ட கர்ப்பிணிகளின் சிறுநீரில் ஆல்புமின் என்னும் புரதம் இருக்கக் கண்டார். 1896-இல் இத்தாலியரான ரீவா-ரோச்சி இரத்த அழுத்தமானியை அமைத்த பின்னர், அழுத்த உயர்வும் ஓர் அடையாளமாயிற்று. வலிப்புக்கு முந்திய அந்நிலையே பிரீஎக்லாம்ப்சியா.

இந்நோய் குடிவழியாக வருவதா? இவ்வினாவைப் பல்லாண்டு விடாது பற்றியவர் அமெரிக்கரான லியான் செஸ்லி. மருத்துவர் அல்லாத ஆராய்ச்சியாளர். ஜெர்சி நகரத்து மார்கரெட் ஹேக் பிரசவ மருத்துவமனையில் 1931 முதல் 1951 வரை வலிப்புக் கண்டு பிழைத்த 270 பெண்டிரை அவர் தொடர்ந்து கவனித்து வந்தார். அவர்தம் சகோதரிகள், புதல்வியர், பேத்தியர் ஆகியோரின் பிரசவ விவரங்களையும் தேடித் திரட்டினார். மருமகளிரையும் விட்டாரில்லை. நாம் பெரிதும் வியப்பது இதனைத்தான். மகளும் மருமகளும் ஒரு குடும்பத்தார். உதிரம் மட்டுமே வேறு. 1986-இல் வெளிவந்த கணக்கின்படி, பிரீஎக்லாம்ப்சியா கண்டோர் சகோதரியரில் நூற்றுக்கு 37, புதல்வியரில் 26, பேத்தியரில் 16. மருமகளிரிலோ 6 பேர்தாம்.

அப்படியாயின், எல்லாம் பெண்ணின் பிறந்தகத்துக் குறை என்று புக்ககத்தார் சொல்லிவிடலாமே! அதற்கும் இடமில்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பதிவுகளைக் கொண்டு 2001-இல் வெளியான ஆய்வு, இந்நோய் கண்ட கர்ப்பத்தில் பிறந்த ஆண்மக்களை ஆராய்ந்தது. அவர்கள் தந்தையான கர்ப்பங்களில் இந்நோய் ஏனையோரைவிட ஏறத்தாழ இருமடங்கு காணப்பட்டது. பெண்மக்களிடம் கண்ட மிகுதியைவிட இது குறைவே, ஆயினும் புறக்கணிக்கத்தக்கதன்று.

காரணம் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. அது தாயின் உறுப்பன்று, கருவோடு தோன்றுவது, பாதி தந்தையின் வழியது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற அனந்த் கருமாஞ்சியும் அவருடைய குழுவினரும் 2003-இல் பாஸ்டனில் ஒன்றைக் காட்டினர்: நஞ்சுக்கொடி மிகுதியாகச் சுரக்கும் ஒரு புரதம் தாயின் இரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது. 2017-இல், அப்புரதத்துக்குரிய மரபணுவின் அருகே, தாயிடத்தன்று, குழந்தையினிடத்தே, நோயோடு தொடர்புடைய வேறுபாடுகள் கண்டறியப்பட்டன.

தாய்க்கோ தமக்கைக்கோ இந்நோய் இருந்ததா என்று இன்று மருத்துவர் கேட்பது, தொடக்கமுதலே அழுத்தத்தைக் கவனிக்கவும், தேவையெனில் சிற்றளவு ஆஸ்பிரின் தரவுமே. டில்லியிலும் மும்பையிலும் பேறு காணும் நம் பெண்டிருக்கு, அதன் விடை ஊரிலுள்ள பெரியம்மாவின் நினைவில் ஜன்னி என்ற பெயரோடு இருக்கக்கூடும். மாமியாரிடமும் அதே கேள்வியைக் கேட்கலாம்.